அமெரிக்க விமானி லிண்ட்பெர்க்கை நீங்கள் எங்கே எதிர்கொண்டீர்கள்?

மேரிலாந்துக்காரன்:
வாஷிங்டன் விமான அருங்காட்சியகத்தில் அவருடைய விமானம் ‘ஸ்பிரிட் ஆஃப் செயின்ட் லூயிஸ்’ கூரையிலிருந்து தொங்குகிறது. அண்ணாந்து பார்த்ததும் உறைத்தது, விமானிக்கு முன்னால் கண்ணாடியே இல்லை என்பதுதான். அந்த இடத்தை எரிபொருள் தொட்டி அடைத்துக்கொண்டிருக்கிறது. பக்கவாட்டு ஜன்னலும் ஒரு பெரிஸ்கோப்பும்தான் துணை. 1927 மே மாதம் நியூயார்க்கிலிருந்து பாரிசுக்கு முப்பத்து மூன்றரை மணி நேரம் தன்னந்தனியாகப் பறந்தபோது சார்லஸ் லிண்ட்பெர்குக்கு வயது 25. என் மகன் வாயைப் பிளந்து நின்றான். நானும்தான்.

ஆனால் 1939 நவம்பரில் ரீடர்ஸ் டைஜஸ்ட் இதழில் அவர் எழுதிய கட்டுரையை முன்பே படித்திருந்தேன். மஞ்சள், கறுப்பு, பழுப்பு நிறத்தார் கடலாக நெருக்கி வரும்போது வெள்ளை இனம் பிழைத்திருக்க வாய்த்த அரிய சொத்துகளில் விமானமும் ஒன்று என்கிறார். அந்தப் பழுப்பில் நானும் என் மகனும் அடக்கம். ‘அரசியலை விடுங்கள், பறந்ததைப் பாருங்கள்’ என்கிறார்கள். இரண்டுக்கும் முடிச்சுப் போட்டவரே அவர்தானே!

பழைய அயோவா மாணவி:
நான் படித்த அயோவா மாநிலத்தில், டெ மாயின் நகரில்தான் 1941 செப்டம்பர் 11 அன்று அமெரிக்கா போரில் சேரக் கூடாது என்ற ‘அமெரிக்கா ஃபர்ஸ்ட்’ இயக்கத்துக்காக அவர் மேடையேறினார். அமெரிக்காவைப் போருக்குள் தள்ளுவது பிரிட்டிஷாரும் யூதர்களும் ரூஸ்வெல்ட் அரசும் என்றார். சினிமா, பத்திரிகை, வானொலியில் யூதர்களுக்குள்ள செல்வாக்கு நாட்டுக்கே ஆபத்து என்றார். ஐரோப்பாவில் யூதர்களைக் கொன்று குவித்துக்கொண்டிருந்த நேரம் அது.

என் வீட்டுக்கார மூதாட்டியின் தந்தை சோளம் பயிரிட்டவர். கூடத்தில் லிண்ட்பெர்க் படத்தை மாட்டி வைத்திருந்தவர், மறுநாள் செய்தித்தாளைப் படித்துவிட்டு ஆணியோடு பிடுங்கினாராம். போர் வேண்டாம் என்பதில் அவரும் லிண்ட்பெர்க் கட்சிதான். பழியை யூதர் தலையில் போட்டதைத்தான் பொறுக்கவில்லை. ஒதுங்கியிருக்கச் சொன்ன எல்லோரையும் இனவெறியர் என்று ஒரே கூடையில் போடுகிறவர்கள் அந்த விவசாயியை எங்கே வைப்பார்கள்?

குறுக்கே ஒருவன்:
பேர்ல் துறைமுகத்தை ஜப்பான் தாக்கி அமெரிக்கா போரில் இறங்கிய பிறகு அவர் திருந்திவிட்டார் என்று என் அலுவலக நண்பர் வாதாடுவார். 1944-ல் பசிபிக்கில், சீருடைப் பதவி எதுவும் இல்லாமலே சுமார் 50 போர்ப் பறப்புகளில் கலந்துகொண்டது உண்மை. பி-38 போர் விமானங்களின் விமானிகளுக்கு எரிபொருளை மிச்சம் பிடிக்கவும் கற்றுக்கொடுத்தார். துணிச்சலை யார் மறுத்தார்கள்? ஆனால் டெ மாயின் பேச்சு தவறு என்று அவர் பகிரங்கமாகச் சொன்னதில்லை. 1938-ல் பெர்லினில் ஹிட்லரின் விமானப்படைத் தலைவர் கோரிங் கையால் வாங்கிய பதக்கத்தைத் திருப்பித் தரவும் இல்லை.