வரப்புப் படங்கள் இருக்கும் மெமரி கார்டு ஃபார்மேட் கேட்கிறது, ஹெக்ஸ் எடிட்டரில் எதைப் பார்ப்பது?

மன்னார்குடி வயல்காரன்:

வணக்கம். மன்னார்குடிப் பக்கம் எங்களுக்கு 9 மா நிலம், பாமணி ஆற்றுப் பாசனம். பக்கத்து வயல்காரர் போன வருடம் வரப்பை அரிந்து எங்கள் பக்கம் தள்ளிப் போட்டுவிட்டார், வடிகால் வாய்க்காலின் தலைப்பையும் மண் போட்டு அடைத்துவிட்டார், விஷயம் இப்போது கோர்ட்டில் இருக்கிறது. வரப்பு பழைய இடத்தில் இருந்தபோது, சம்பா நடவுக்கு முன்னால், அப்பா தன் போனில் முப்பதுக்கு மேல் படம் எடுத்து வைத்திருந்தார், ஒரு வீடியோவும் உண்டு. எல்லாம் 64 ஜிபி மைக்ரோ எஸ்டி கார்டில். போன வாரம் அதை லேப்டாப்பில் போட்டுக் காப்பி எடுக்கும்போது கை பட்டு ரீடர் கழன்றுவிட்டது, அப்புறம் எதில் போட்டாலும் ஃபார்மேட் செய்யட்டுமா என்றே கேட்கிறது.

ஊரில் ஒரு கடையில் காட்டினேன். செக்டிஸ்க் ஓட்டிப் பார்க்கலாம், வராவிட்டால் ஃபார்மேட் செய்துவிட்டு எடுக்கலாம் என்றார்கள், பயந்து கார்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். எச்எக்ஸ்டி என்ற ஹெக்ஸ் எடிட்டரை (பைட்டுகளை அப்படியே 0 முதல் எஃப் வரையிலான இரட்டை எண்களாகக் காட்டும் புரோகிராம்) இறக்கிக் கார்டைத் திறந்தேன். முதல் செக்டார் முழுக்க 00. கீழே போகப் போக எண்களாக வருகிறது, எதைத் தேடுவது என்றே தெரியவில்லை, தெரியாமல் ஒரு கீ அழுத்தினால் எல்லாம் போய்விடுமோ என்றும் இருக்கிறது. சிங்கப்பூரில் இருக்கும் தம்பிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய 4 படம் மட்டும் அவனிடம் உண்டு, ஆனால் வக்கீல் அசல் வேண்டும் என்கிறார். யாராவது வழி சொல்லுங்கள்.

குடந்தை டேட்டா:

ஃபார்மேட் செய்யாமல், செக்டிஸ்க்கும் ஓட்டாமல் எடுத்துவந்தீர்களே, பாதி வேலை அதிலேயே முடிந்தது. செக்டிஸ்க் தரவை மீட்கும் கருவி இல்லை, ஃபைல் சிஸ்டத்தை, அதாவது எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்ற கணக்கை, ஒழுங்குபடுத்துவதுதான் அதன் வேலை, அதற்காகக் கார்டில் எழுதும், அப்படி எழுதும் இடத்தில் உங்கள் படம் இருந்தால் அதோடு போயிற்று. முதலில் கார்டை வெளியே எடுங்கள். அடாப்டரின் ஓரத்தில் இருக்கும் சின்னப் பூட்டைக் கீழே தள்ளுங்கள், ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம், அந்தப் பூட்டை மதித்து நடக்க வேண்டியது ரீடர்தான், கார்டு தானாக எதையும் தடுக்காது.

அடுத்தது இமேஜ். கார்டின் முதல் பைட்டிலிருந்து கடைசி பைட் வரை அப்படியே ஒரே ஃபைலாக எடுப்பது. விண்டோஸில் எஃப்டிகே இமேஜர் இலவசமாகக் கிடைக்கிறது, லினக்ஸ் தெரிந்தால் டிடிரெஸ்க்யூ இன்னும் நல்லது, படிக்க முடியாத இடத்தை முதலில் தாண்டிப் போய்விட்டுக் கடைசியில் திரும்பி வந்து மறுபடி முயலும். லேப்டாப்பில் 64 ஜிபிக்குக் குறையாமல் இடம் வேண்டும். நொடிக்கு 20 எம்பி வேகம் வந்தாலும் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். முடிந்ததும் கார்டை ஒரு கவரில் போட்டுப் பீரோவில் வைத்துவிடுங்கள், இனி எல்லாம் இமேஜில்தான், அதிலும் இன்னொரு காப்பியில். எச்எக்ஸ்டியில் டிஸ்க்கைத் திறக்கும்போது ‘ரீட் ஒன்லி’ டிக் ஏற்கனவே போட்டுத்தான் இருக்கும், அதனால் இதுவரை பார்த்ததில் எதுவும் கெட்டிருக்காது.

இப்போது எதைப் பார்ப்பது. ஒரு செக்டார் 512 பைட். முதல் செக்டாரில் 446-வது பைட்டிலிருந்து பார்ட்டிஷன் அட்டவணை (ஃபைல்கள் இருக்கும் பகுதி எங்கே ஆரம்பிக்கிறது என்ற குறிப்பு), ஒவ்வொன்றும் 16 பைட்டாக 4 வரி, அது 64, கடைசி 2 பைட் 55 ஏஏ. உங்களுக்கு அந்த 55 ஏஏகூட இல்லை என்றால் அட்டவணைதான் போயிருக்கிறது, வீட்டு வாசலில் கதவு எண் அழிந்த மாதிரி, வீடு அங்கேயே நிற்கலாம். 64 ஜிபி கார்டில் பார்ட்டிஷன் பெரும்பாலும் 32768-வது செக்டாரில் ஆரம்பிக்கும். அங்கே போய் வலது பக்க எழுத்துப் பத்தியில் எக்ஸ்ஃபேட் (இந்த அளவு கார்டுகளில் வழக்கமாக இருக்கும் ஃபைல் சிஸ்டம்) என்ற ஆங்கில எழுத்துகள் தெரிகிறதா என்று பாருங்கள். அங்கேயும் 00 என்றால் 12 செக்டார் தள்ளி 32780-இல் பாருங்கள், எக்ஸ்ஃபேட் தன் முதல் 12 செக்டாருக்கும் ஒரு நகல் அங்கே வைத்திருக்கும்.

ஆரூர் ஸ்டுடியோ:

அண்ணே, இவ்வளவு சுற்ற வேண்டுமா? போட்டோரெக் என்ற மீட்புப் புரோகிராம் போட்டால் போதுமே. ஒரு கல்யாணக் கார்டு இப்படித்தான் போய்விட்டது, ராத்திரி ஓடவிட்டேன், காலையில் அத்தனை படமும் வந்திருந்தது. பெயர்கள் மட்டும் எஃப் போட்டு நீளமான எண்ணாக இருந்தன.

குடந்தை டேட்டா:

கல்யாணப் படத்துக்கு அது சரி தம்பி, நானும் அதைத்தான் போடுவேன். இவருக்கு ஃபைல் பெயரும் ஃபோல்டரும் ஃபைலின் தேதியும் வேண்டும், போட்டோரெக் அதையெல்லாம் பார்க்காது, படத்தின் தலை எங்கே என்று தேடி அங்கிருந்து அறுத்து எடுக்கும். அதனால் முதலில் அதே ஆசிரியரின் டெஸ்ட்டிஸ்க்கை இமேஜின் மேல் ஓட்டுங்கள், பார்ட்டிஷனைக் கண்டுபிடித்தால் ஃபைல் பட்டியல் பெயரோடு வரும், அப்படியே வேறு டிரைவுக்கு எடுத்துக்கொள்ளலாம். முடியாவிட்டால்தான் போட்டோரெக்.

கையாலேயே அறுப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும், நான் ஆரம்பத்தில் இதில் நிறைய அடிபட்டேன். ஜேபெக் படம் எஃப்எஃப் டி8 என்று ஆரம்பித்து எஃப்எஃப் டி9 என்று முடியும் என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் போன் எடுக்கும் படத்துக்குள் ஒரு குட்டிப் படம் பெரும்பாலும் இருக்கும், அதற்கும் தனியாகத் தலையும் வாலும் உண்டு. முதலில் வரும் எஃப்எஃப் டி9-இல் வெட்டினால் அந்தக் குட்டிப் படத்தோடு பெரிய படம் நின்றுவிடும். தலையிலிருந்து சில பைட் தள்ளி 45 78 69 66 என்று பார்த்தால் அது எக்சிஃப், படத்தோடு போன் சேர்த்து எழுதும் விவரம், அதற்குக் கொஞ்சம் கீழே வருடம், மாதம், தேதி, மணி எல்லாம் சாதாரண எண்களாகவே வலது பத்தியில் படிக்கலாம். உங்கள் வக்கீல் அசல் கேட்பது பெரும்பாலும் இதற்காகத்தான், வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் இது உரிக்கப்பட்டுவிடும்.

தஞ்சை கோர்ட் வாசல்:

வக்கீல் ஆபீசில் இருக்கிறேன், அந்தப் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. ஹெக்ஸ் எடிட்டரால் அந்தத் தேதியைப் படிக்க முடியும் என்றால் மாற்றவும் முடியும், எதிர்த் தரப்பு முதலில் கேட்கப்போவது அதைத்தான். அதற்குப் பதில் ஹேஷ் மதிப்பு, ஃபைலின் எல்லாப் பைட்டையும் வைத்துக் கணக்கிடும் கைரேகை மாதிரியான ஒரு எண். இமேஜ் எடுத்த உடனேயே எஃப்டிகே இமேஜர் எம்டி5, எஸ்எச்ஏ1 என்ற இரண்டு வகை ஹேஷையும் கணக்கிட்டு ஒரு அறிக்கை ஃபைலில் எழுதி வைக்கும், அதை அன்றைக்கே பிரிண்ட் எடுத்துத் தேதி போட்டு வையுங்கள். இமேஜில் ஒரே ஒரு பைட் மாறினாலும் அந்த மதிப்பு முழுக்க மாறிவிடும்.

2024 ஜூலை 1 முதல் மின்னணு ஆதாரம் பற்றிய, பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவுக்குப் பதில் பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 63-வது பிரிவு வந்துவிட்டது. அதற்கான சான்றிதழில் இரண்டு பகுதி, முதல் பகுதியைத் தாக்கல் செய்கிறவரும் இரண்டாவதை நிபுணரும் நிரப்ப வேண்டும், இரண்டிலும் ஹேஷ் மதிப்பு கேட்கிறார்கள். அதனால் நீங்கள் இமேஜ் எடுத்தாலும் அதற்கு மேல் எதையும் செய்யும் முன் வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். கார்டு என்றைக்குப் போனிலிருந்து வெளியே வந்தது, எந்தக் கடையில் எவ்வளவு நேரம் இருந்தது, இப்போது யார் கையில் என்பதையும் மறக்கும் முன் ஒரு தாளில் எழுதிவிடுங்கள், இதைப் பலர் செய்வதில்லை, குறுக்கு விசாரணையில் அப்பா அங்கேதான் தடுமாறுவார். அந்தப் போனையும் பத்திரமாக வைத்திருங்கள், விற்றுவிடாதீர்கள்.

மன்னார்குடி வயல்காரன்:

எல்லோருக்கும் நன்றி. வக்கீலிடம் சொல்லிவிட்டே இமேஜ் எடுத்தேன், 50 நிமிடம் ஆயிற்று, ஹேஷ் அறிக்கை பிரிண்ட் போட்டாயிற்று. அண்ணன் சொன்னபடி 32768-க்குப் போனால் எக்ஸ்ஃபேட் என்று தெளிவாக இருக்கிறது! டெஸ்ட்டிஸ்க் இன்னும் ஓட்டவில்லை. அதற்குள் கீழே உருட்டிப் பார்த்ததில் ஒரு இடத்தில் பி5 0பி ஏஎஃப் 0பி பி2 0பி சிடி 0பி என்று ஒன்றுவிட்டு ஒன்று 0பி வருகிறது, வலது பக்கம் ஒன்றும் புரியவில்லை. கெட்டுப்போன இடமா?

குடந்தை டேட்டா:

அது தமிழ்! யூனிகோடில் தமிழ் எழுத்துகள் எல்லாம் 0பி80-இலிருந்து 0பிஎஃப்எஃப் வரைக்குள் இருக்கின்றன. எக்ஸ்ஃபேட் பெயர்களை ஓர் எழுத்துக்கு 2 பைட்டாக, பின் பாதியை முன்னால் வைத்து எழுதும், அதனால்தான் 0பி ஒன்றுவிட்டு ஒன்று வருகிறது. பி5 0பி என்றால் வ, ஏஎஃப் 0பி ய, பி2 0பி ல, சிடி 0பி புள்ளி. உங்கள் அப்பா ‘வயல்’ என்று ஒரு ஃபோல்டர் வைத்திருக்கிறார். எச்எக்ஸ்டியின் வலது பத்திக்குத் தமிழ் காட்டத் தெரியாது, அவ்வளவுதான்.

அந்த வரிக்கு மேலே 32 பைட் விட்டு 32 பைட்டாக ஏறிப் போங்கள். 85 என்று ஆரம்பிக்கும் வரி இருந்தால் அந்த ஃபோல்டர் உயிரோடு இருக்கிறது. அழித்தவற்றுக்கு அது 05 ஆகியிருக்கும், பெயர் அங்கேயேதான் இருக்கும்.

மன்னார்குடி வயல்காரன்:

85-தான் இருந்தது. டெஸ்ட்டிஸ்க்கில் ‘வயல்’ ஃபோல்டர் அப்படியே வந்தது, 33 படம், எல்லாம் திறக்கிறது, வரப்பு ஓரத்துப் பனைமரமும் பழைய மடையும் ஒரே படத்தில் இருக்கின்றன. அப்பாவிடம் காட்டினேன், ரொம்ப நேரம் அந்த ஒரு படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீடியோவுக்கு மட்டும் 05 இருந்தது, இடம் போதாமல் அவரே அழித்திருக்கிறார். அதன் இடத்தில் எம்பி4 தலைக்கான 66 74 79 70 இருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை, 45 78 69 66 இருந்தது, அதாவது வேறு ஒரு படம் மேலே ஏறிவிட்டது. அது போனது போனதுதான். 33 படத்தையும் இமேஜோடு வக்கீலிடம் கொடுத்துவிட்டேன், கார்டும் போனும் கவரில், மேலே தேதியும் அப்பாவின் கையெழுத்தும்.