மஞ்சள் பையில் உங்களுக்கு நேர்ந்தது

சேலம் நர்ஸ்:
நைட் டூட்டி முடிகிற நேரம். எரிக்கப் போகிற மருத்துவமனைக் கழிவுக்கான மஞ்சள் பையைத் தூக்கிய துப்புரவு அக்கா சட்டென்று கையை உதறினார். உள்ளே ஊசி. யாரோ ரத்தப் பஞ்சோடு சேர்த்துப் போட்டிருக்கிறார்கள், ஊசி போட வேண்டிய வெள்ளை டப்பா இரண்டடி தள்ளித்தான் இருந்தது. சோப்பு போட்டுக் கழுவ வைத்து கேஷுவால்டிக்கு ஓடினோம், எச்.ஐ.வி. தொற்றாமல் இருக்க 28 நாள் மாத்திரை எழுதினார்கள். அந்த அக்கா என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "பிள்ளைக்குப் பால் குடுக்கலாமா சிஸ்டர்?" பதில் தெரியாமல் நின்றேன்.

பிளான்ட் ஆபரேட்டர்:
அந்தப் பைகள் கடைசியில் எரிக்க வருவது எங்கள் பிளான்டுக்குத்தான். ஒருநாள் செகண்டரி பர்னர், அதாவது புகையை மறுபடி எரிக்கும் இரண்டாவது அறையின் பர்னர், நின்றுவிட்டது. 1050 டிகிரி இருக்க வேண்டியது கண்ணெதிரே இறங்குகிறது, புகைபோக்கியில் கருப்புப் புகை. லோடு போடுவதை நிறுத்த வேண்டும். சூப்பர்வைசரோ கழிவைத் தேக்கி வைக்கக் கூடாத 48 மணி நேரக் கெடு முடியப் போகிறது, போடு என்றார். போட்டேன். வேலிக்கு அந்தப் பக்கம் ஆடு மேய்த்த பெரியவர் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு என்னையே பார்த்தார். இன்றும் அந்தப் பார்வை போகவில்லை.

லேப் டெக்னீஷியன்:
கிருமி வளர்க்கும் கல்ச்சர் தட்டை ஆட்டோகிளேவ் பண்ணாமல், அதாவது அழுத்த நீராவியில் கிருமி கொல்லாமல், மஞ்சள் பையில் போட்டு நானும் திட்டு வாங்கியிருக்கிறேன். ஆனால் அண்ணா, பர்னரை மட்டும் சொல்லாதீர்கள். டியூப், கிளவுஸ் எல்லாம் சிவப்புப் பைக்கு, அது எரிக்கவே கூடாதது, ஆட்டோகிளேவ் செய்து துண்டாக்கி மறுசுழற்சிக்குப் போக வேண்டும் என்று 2016 மருத்துவக் கழிவு விதியிலேயே இருக்கிறது. பிவிசி பிளாஸ்டிக் உள்ளே போய் சூடும் குறைந்தால் டையாக்சின் என்ற நச்சு வரும், அதற்குத்தான் இரண்டாவது அறையில் புகை 2 வினாடியாவது அந்தச் சூட்டில் நிற்க வேண்டும் என்கிறார்கள். சிஸ்டர், நீங்களும் ஊசி போட்ட கையோடு கட்டில் பக்கத்திலேயே டப்பாவை வையுங்கள், முக்கால் பாகம் நிறைந்ததும் மூடுங்கள், மூடியைத் திரும்ப ஊசியில் மாட்டாதீர்கள், பைக்கு பார்கோடு ஒட்டும் முன் ஒரு தடவை...

சேலம் நர்ஸ்:
தம்பி, இதெல்லாம் எங்கள் வார்டு சுவரிலேயே ஒட்டியிருக்கிறது. அன்று ராத்திரி 40 பேருக்கு நாங்கள் 2 பேர். அந்த அக்காவுக்கு ஆறாவது மாச டெஸ்ட்டும் நெகட்டிவ், ஆனால் முதல் மாசமே பாலை நிறுத்திவிட்டார்.