கேரளசிங்க வளநாடு கேரளாவில் இல்லை

குழு: அப்பச்சி (அப்பா) சாந்தி விழா வேலைகள்

வள்ளி: ஐயாவின் பெட்டகத்தில் இருந்த பழைய நோட்டின் முதல் பக்கம் இது. "பாண்டிய நாட்டில் கேரளசிங்க வளநாட்டு இளையாத்தங்குடியான குலசேகரபுரம்" என்று மசியில் எழுதியிருக்கிறது. அழைப்பிதழில் இந்த வரியை விட்டுவிடலாமா? யாருக்கும் புரியாது.

சோலை: நகரத்தார் பூம்புகாரிலிருந்து வந்தவர்கள் என்றுதானே சொல்வார்கள்? கேரளா எங்கே வந்தது?

மெய்யப்ப அம்மான்: அதை எடுக்காதே ஆத்தா. அது நம் பழைய விலாசம். கேரளாவுக்கும் ஊருக்கும் சம்பந்தமில்லை. கேரளர் என்றால் சேரர்; சேரருக்குச் சிங்கம் என்ற பெருமைப் பெயரை இந்தச் சீமைக்கு வைத்தார்கள். திருக்கோட்டியூர்க் கல்வெட்டிலும் "கேரளசிங்க வளநாட்டுத் திருக்கோட்டியூர்" என்றே இருக்கிறது.

சோலை: வளநாடு என்றால் ஜில்லாவா அம்மான்?

மெய்யப்ப அம்மான்: ஏறக்குறைய அப்படித்தான். மண்டலம், அதற்குள் வளநாடு, அதற்குள் நாடு அல்லது கூற்றம், அப்புறம் ஊர். 1000-ஆம் ஆண்டையொட்டி முதலாம் ராசராசன் நிலத்தை அளக்கச் செய்து, சோழ நாட்டை வளநாடுகளாகப் பிரித்தார். பெரும்பாலும் ஆறுதான் எல்லை. அரிசிலுக்கும் காவிரிக்கும் நடுவே இருந்தது உய்யக்கொண்டார் வளநாடு. தலைநகரின் விலாசம் பெரிய கோயில் சுவரிலேயே இருக்கிறது: "பாண்டியகுலாசனி வளநாட்டுத் தஞ்சாவூர்க் கூற்றத்துத் தஞ்சாவூர்". அசனி என்றால் இடி. பாண்டியர் குலத்துக்கு இடி! நம் பாண்டிய நாட்டுக்கும் ராசராசப் பாண்டி மண்டலம் என்று பெயர் மாற்றினார்கள்.

சிவகாமி ஆச்சி: பெயர் வைத்தவர்கள் போய்விட்டார்கள். ஊர் இருக்கிறது.

மெய்யப்ப அம்மான்: அதேதான் ஆச்சி. ராசராசன் காலத்து நாகப்பட்டினம் சத்திரியசிகாமணி வளநாட்டுப் பட்டினக்கூற்றத்தில் இருந்தது. முதலாம் குலோத்துங்கன் காலத்தில் அது கேயமாணிக்க வளநாடு. ஆனால் பட்டினக்கூற்றம் அப்படியே நின்றது. வளநாடு அரசர் போட்ட கோடு. நாடும் கூற்றமும் உழுதவர்களும் ஊரவர்களும் புழங்கிய பெயர். அதனால்தான் அவை நிலைத்தன.

சோலை: அப்படியென்றால் சோழ நாடு எங்கே முடிந்தது?

மெய்யப்ப அம்மான்: காரைக்குடியிலிருந்து திருமயம் வழியாகப் புதுக்கோட்டை போகும்போது, ஊருக்குள் நுழையுமுன் ஒரு பாலம் வருமே, அதன் அடியில் மணலாகக் கிடப்பது வெள்ளாறு. அதற்குத் தெற்கே பாண்டிய நாடு என்பது பழைய கணக்கு. ஆற்றுக்கு வடகரை கோனாடு, தென்கரை கானாடு.

சோலை: வாரம் இரண்டு முறை அந்தப் பாலத்தைத் தாண்டுகிறேன். நாடு மாறுகிறேன் என்று தெரியாமல் போய்விட்டது.

வள்ளி: சரி அம்மான், வரியை அப்படியே வைக்கிறேன். அச்சகத்தில் "கேரளா" என்று திருத்திவிடப் போகிறார்கள், மெய்ப்பை நீங்களே பாருங்கள். "வளநாட்டு"க்கு அப்புறம் ஒற்று வருமா?

மெய்யப்ப அம்மான்: வராது. அடுத்தது "இளையாத்தங்குடி", உயிரெழுத்து. நோட்டைத் திரும்பப் பெட்டகத்தில் வைக்காதே ஆத்தா, மசி மங்கியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வந்து எல்லாப் பக்கத்தையும் படம் எடுத்துக்கொள்கிறேன்.