‘1984’ நாவலில எது கற்பனை, எது நடந்தது?

கேள்வி:
வாற ஞாயிறு யாழ்ப்பாணத்தில எங்கட வாசிப்பு வட்டத்தில ஜோர்ஜ் ஓர்வெல்லின்ர ‘1984’ பற்றிக் கதைக்க வேணும். சர்வாதிகார ஆட்சியின்ர உண்மை வாழ்க்கை அதில எவ்வளவு இருக்கு? எங்கயிருந்து தொடங்கலாம்?

மறுமொழி 1:
தம்பி, நாவலில ஆளுங்கட்சி நம்பச் சொல்லுற ‘இரண்டும் இரண்டும் ஐந்து’ எண்டதில தொடங்குங்கோ. ஐந்தாண்டுத் திட்டத்தை நாலு வருசத்தில முடிப்பம் எண்டு சோவியத் அரசு 1931இல அந்தக் கணக்கையே சுவரொட்டியா அடிச்சது. பிறகு படங்கள். கால்வாய்க் கரையில ஸ்டாலினுக்குப் பக்கத்தில நிண்டவர் உளவுத்துறைத் தலைவர் யெசோவ். 1940இல அவரைச் சுட்ட பிறகு வந்த படத்தில அவர் நிண்ட இடத்தில வெறும் தண்ணி! நாவலின்ர நாயகன் வின்ஸ்டன் பழைய பேப்பரைத் திருத்திற வேலையும் இதுதான்.

மறுமொழி 2:
அண்ணை சொன்னது சரி. ஆனா சோவியத்தோட நிண்டா வாசிப்புக் குறுகிப்போகும். ஓர்வெல் 1941 முதல் 1943 வரை பிபிசியில வேலை செய்தவர். போர்க்காலத் தணிக்கையும் அதில கலந்திருக்கு.

மறுமொழி 3:
சோவியத் எழுத்தாளர் வசீலி கிராஸ்மனையும் சேருங்கோ. 1961 பெப்ரவரியில சோவியத் உளவுத்துறையான கேஜிபி அவரின்ர ‘வாழ்வும் விதியும்’ நாவலின்ர கையெழுத்துப்படியோட கார்பன் தாளையும் தட்டச்சு ரிப்பனையும் எடுத்துக்கொண்டு போனது. ஏன் கார்பன் தாளும் ரிப்பனும்? கார்பன் தாளை வெளிச்சத்தில பிடிச்சா எழுத்துத் தெரியும். ஒருக்கா மட்டும் ஓடின ரிப்பனிலயும் அடிச்ச எழுத்துப் பதிஞ்சிருக்கும். நண்பர்களிட்ட ஒளிச்சு வைச்ச பிரதி தப்பி, 1980இல சுவிட்சர்லாந்தில அச்சேறினது. அவர் 1964இலயே காலமாயிட்டார்.