பெரிய வீட்டுக் குழு: குளத்தில் கொட்டிச் செடி

கவின்: 📷 அத்தை, கோயில் குளத்தில் மிதக்கிறது. இதுதான் கொட்டி என்கிற நீர்ச்செடியா? கிழங்கு சாப்பிடலாம் என்கிறார்கள்.

ரேவதி அக்கா: அல்லிதானேடா இது!

மலர் அத்தை: அல்லி இலை வட்டமாக, காம்பு சேரும் இடத்தில் பிளந்திருக்கும். இது நீள இலை. வெயிலில் தூக்கிப் பார், பக்க நரம்புகள் நடு நரம்பை ஒட்டியே நுனி வரை ஓடும். பூ இருக்கிறதா?

கவின்: 📷 ஒற்றைக் கதிர், தண்ணீருக்கு மேல் நீட்டிக்கொண்டு நிற்கிறது. இளம் ஊதா.

மலர் அத்தை: அப்படியென்றால் கொட்டியேதான்.

கவின்: இறங்கிப் பிடுங்கட்டுமா?

மலர் அத்தை: அவசரப்படாதே. இலை காய்ந்தால்தான் கிழங்கில் மாவு ஏறும். ஜனவரி 28-லேயே மேட்டூர் அணையை மூடியாயிற்று, வாய்க்காலில் தண்ணீர் வராது, இனிக் குளம் வற்றும். பங்குனி, சித்திரையில் தோண்டலாம்.

சித்தப்பா: அப்போது இலையே இருக்காதே அக்கா, எதை வைத்து அடையாளம் கண்டுபிடிப்பான்? கவின், கதிர் கண்ட இடத்தில் இப்போதே மூங்கில் குச்சி நட்டுவை.

ரேவதி அக்கா: மாடு விட்டுவைக்குமா?

சித்தப்பா: படித்துறையும் தெரிகிற மாதிரி படமும் எடுத்துக்கொள். அடையாளம் இல்லாத இடத்தில் கிடைத்த கிழங்கைத் தின்னாதே. காட்டுச் சேம்பு தொண்டையைப் பிடுங்கிவிடும். வேலியோரக் கண்வலிக்கிழங்கு உயிருக்கே ஆபத்து.

கவின்: சரி சித்தப்பா. எவ்வளவு பெரிதாக இருக்கும்?

மலர் அத்தை: நெல்லிக்காய் அளவுதான், மேலெல்லாம் நார்வேர். சேறு போக நாலைந்து தண்ணீரில் அலசி, உப்புப் போட்டு வேகவைத்துத் தோலை உரி. அம்மா தணலில் புதைத்துச் சுடுவார், மணமே தனி! சிறுகிழங்கு மாதிரி மாவாக இருக்கும்.

ரேவதி அக்கா: மாவுச்சத்துதானே நிறைய? சர்க்கரை உள்ளவர்கள் அளவாகச் சாப்பிடுங்கள். சித்தப்பா, உங்களைத்தான்.

சித்தப்பா: 😄 அந்தக் குளத்தில் வயல் வடிகால் விழுகிறதா கவின்? களைக்கொல்லித் தண்ணீரில் வளர்ந்தது வேண்டாம்.

கவின்: இல்லை, வாய்க்கால் தண்ணீர் மட்டும்தான்.

மலர் அத்தை: எல்லாவற்றையும் வழித்தெடுக்காதே. பாதியை விட்டுவை, அடுத்த வருஷமும் முளைக்க வேண்டாமா?

ரேவதி அக்கா: எனக்கும் ஒரு பை எடுத்து வைடா.

மலர் அத்தை: அதற்கு முன் மீன் குத்தகைக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். மீன் பிடித்து முடித்தபின் என்றால் மறுக்க மாட்டார். இப்போது இறங்கிக் கலக்கினால் சண்டைக்கு வந்துவிடுவார்.