ஆட் பிளாக்கர், டிராக்கர் பிளாக்கர்: இரண்டுக்கும் ஒரே சொல் வேண்டாம்

ஆட் பிளாக்கர் விளம்பரத்தைத் தடுக்கும் கருவி, டிராக்கர் பிளாக்கர் தளத்துக்குத் தளம் நம்மைக் கவனிக்கும் டிராக்கரைத் தடுக்கும் கருவி. தமிழில் இரண்டையும் ‘விளம்பரத் தடுப்பான்’ என்றே சொல்லிவிடலாம், பயனருக்கு எல்லாம் ஒன்றுதானே என்ற யோசனையை என்னால் ஏற்க முடியவில்லை. பெயர் ஒன்றானால் பழியும் ஒன்றாகிவிடும். விளம்பர வருமானத்தை நம்பித் தளம் நடத்துகிறவர், “ஓசியில் படித்துவிட்டு என் வயிற்றில் அடிக்கலாமா?” என்று கேட்டால் அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் விளம்பரம் வந்தால் வரட்டும், என்னை வேவு பார்க்காதே என்று மட்டும் சொல்கிறவரும் இப்போது அதே பழியைச் சுமக்கிறார்.

விளம்பரமே இல்லாத பக்கத்திலும் டிராக்கர் இருக்கலாம். ஒரு பிக்சல் அகலம், ஒரு பிக்சல் உயரம், நிறமே இல்லாத ஒரு படம், கண்ணுக்குத் தெரியாது. உலாவி அந்தப் படத்தைக் கேட்கும்போதே உங்கள் ஐபி முகவரி, எந்தத் தளத்திலிருந்து கேட்கிறது என்ற விவரம், தடை இல்லையென்றால் படத்தை வைத்த நிறுவனம் முன்பே உங்கள் உலாவியில் போட்டுவைத்த குக்கி என்ற அடையாளக் குறிப்பு எல்லாம் சேர்ந்து அந்த நிறுவனத்துக்குப் போய்விடும். அதே நிறுவனத்தின் படம் ஒரு மருத்துவத் தளத்திலும் கடன் தளத்திலும் வேலை தேடும் தளத்திலும் இருந்தால், மூன்றுக்கும் போனது ஒரே ஆள் என்று கண்டுபிடித்துவிடலாம். ஆனால் கேமரா விமர்சனத்துக்குப் பக்கத்தில் கேமரா விளம்பரம் போடுவதற்குப் படிப்பவர் யாரென்றே தெரிய வேண்டாம். எதைத் தடுக்க வேண்டும் என்று தடுப்பான்களுக்குச் சொல்லும் வடிகட்டிப் பட்டியலைத் தொகுப்பவர்களே விளம்பரத்துக்கு ஈஸிலிஸ்ட், டிராக்கருக்கு ஈஸிபிரைவசி என்று பிரித்துத்தான் வைத்திருக்கிறார்கள். பயர்பாக்ஸ் உலாவியும் 2019 முதல், தெரிந்த டிராக்கர்களின் குக்கிகளைத் தானாகவே தடுக்கிறது, விளம்பரங்களை அப்படித் தடுப்பதில்லை.

சரி, டிராக்கருக்கான தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். ‘பின்தொடரி’ ஒட்டவில்லை, சமூக ஊடகத்தில் பின்தொடர்பவரோடு குழம்பும். ‘உளவு நிரல்’ கணினிக்குள் புகுந்து உளவு பார்க்கும் ஸ்பைவேருக்குப் பொருந்தும், அப்புறம் மேலே சொன்ன படம் நிரலே இல்லையே. ‘வேவு’ என்பதை அடிச்சொல்லாக வைத்தால் வேவு நிரல், வேவுப் படம், வேவுக் குக்கி என்று எதனோடும் சேரும், தடுக்கிற கருவியை ‘வேவுத் தடுப்பான்’ என்று சொல்லிவிடலாம். விளம்பரத் தடுப்பானை நான் விரும்பிப் படிக்கும் தளங்களில் அணைத்துவைக்கிறேன், வேவுத் தடுப்பானை எங்கேயும் அணைப்பதில்லை.

‘வேவு’ குற்றம் சாட்டுகிற சொல், கலைச்சொல் நடுநிலையாக இருக்க வேண்டும் என்பார்கள். கேட்காமல், காட்டாமல், தளத்துக்குத் தளம் ஒட்டிக்கொண்டு வருவதற்கு வேறு என்ன பெயர் வைப்பது? ஒரு தளம் தன் பக்கத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று மட்டும் எண்ணிக்கொண்டால் அது வேவு இல்லை, அதற்கு ‘வருகைக் கணக்கு’ என்று கலைச்சொல் பட்டியலில் தனியாக ஒரு பதிவு போட்டுவிடலாம்.