குழிமுயல், ஹேர் நோய்கள்: நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

கிங்ஸ்லின் கடைக்காரன்

மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது, எழுதினாலாவது விடுமா என்று பார்க்கிறேன். நார்ஃபோக்கில் பெற்றோல் செட்டும் கடையும் வைத்திருக்கிறேன். விடிய பேப்பருக்கு வரும் கிழவர் ஒருவர் ஃபெரட் (கீரி மாதிரி ஒரு வளர்ப்புப் பிராணி) விட்டு முயல் பிடிப்பவர். குழிமுயலைத்தான் சொல்கிறேன், வளை தோண்டாமல் வயலில் ஓடும் ஹேர் என்ற பெரிய முயல் இல்லை. இந்தக் குளிர்காலத்தில் ஒருநாள் என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

வளைவாய் எல்லாவற்றுக்கும் சுருக்கு வலை போட்டு, நாயைப் பக்கத்தில் நிற்கவைத்து, ஃபெரட்டை உள்ளே விட்டார். வழக்கமாக முயல் பின்னங்காலால் தட்டுகிற சத்தம் காலுக்குக் கீழே தெரியுமாம், பிறகு ஒவ்வொன்றாக வலையில் வந்து விழுமாம். அன்றைக்கு ஒரு சத்தமும் இல்லை. ஃபெரட்டும் திரும்பி வரவில்லை. அதன் கழுத்துப் பட்டையில் சிக்னல் இருக்கிறது, கையில் இருந்த பெட்டி ஒரே இடத்தில் பீப் அடித்துக்கொண்டிருந்தது. தோண்டினோம். முழங்கை ஆழத்தில் ஃபெரட் சுருண்டு படுத்திருக்கிறது, அதோடு ஒட்டினாற்போல் ஒரு முயல். நல்ல கொழுத்த முயல், மயிர் கலையவில்லை, ஒரு கீறல் கிடையாது. மூக்கு நுனியில் மட்டும் காய்ந்த ரத்தம், பேனா மையைத் தொட்டு வைத்த அளவுக்கு.

கிழவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அதே குழிக்குள் வைத்து மண்ணைத் தள்ளினார். "மிக்ஸோ என்றால் கண்ணில் தெரியும், இது சொல்லாமல் கொல்லும்" என்றார். மிக்ஸோ என்பது மிக்ஸோமடோசிஸ், முயலின் கண் வீங்கிச் சாகிற நோய். மிச்ச வளைகளைப் பார்க்கவே இல்லை, வலையைச் சுருட்டிவிட்டார். ஒருகாலத்தில் அந்தப் பண்ணைக்காரர் 'முயல் தொல்லை தாங்கவில்லை, வந்து பிடி' என்று போன் போட்டுக் கூப்பிடுவாராம்.

வேறு யாராவது இப்படிப் பார்த்திருக்கிறீர்களா?

சஃபோக் ஜி.பி.

பார்த்திருக்கிறேன் அண்ணா, ஆனால் என்னுடையது ஹேர். 2018 செப்டம்பர் கடைசி, கோதுமை அறுத்த தாள் மேல் நடந்துகொண்டிருந்தேன். ஐம்பதடி தூரத்தில் ஒரு ஹேர் வட்டமடிக்கிறது. நாய் துரத்தவில்லை, ஆளும் இல்லை. தலை பின்பக்கமாக வளைந்து முதுகைத் தொடுகிறது, அப்படியே சுற்றிச் சுற்றி வந்து என் காலுக்குப் பக்கத்திலேயே சரிந்தது. என்னைப் பார்த்து அதற்குப் பயமே இல்லை, அதுதான் இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. ஹேர் என்றால் நூறு கஜத்துக்கு முன்னாலேயே காதை மடக்கிக்கொண்டு ஓடுகிற பிராணி.

அந்த வருடம்தான் நாரிச்சில் ஈஸ்ட் ஆங்கிலியா பல்கலைக்கழகத்தின் டயானா பெல், செத்த ஹேரைக் கண்டால் படமும் இடமும் அனுப்புங்கள் என்று பொதுமக்களைக் கேட்டார். நானும் அனுப்பினேன். அடுத்த வருடத் தொடக்கத்தில் எஸ்ஸெக்ஸிலும் டோர்செட்டிலும் ஹேர்களிடம் ஆர்.எச்.டி., அதாவது சொல்லாமல் கொல்கிற முயல் ரத்தக்கசிவு நோய், அதன் வைரஸின் இரண்டாம் ரகம் உறுதியானது. 2010இல் பிரான்ஸில் தலைகாட்டிய ரகம் அது. பழைய ரகம் குழிமுயலோடு நின்றுகொண்டது, இது ஹேருக்கும் தாவிவிட்டது. என் பக்கத்துப் பண்ணையில் வருடா வருடம் பிப்ரவரியில் துப்பாக்கிகளை வரிசையாக நிறுத்தி ஹேர் சுடுவார்கள், அந்தப் பிப்ரவரியில் பண்ணைக்காரரே வேண்டாம் என்று நிறுத்திவிட்டார். மற்றவர்கள் நிறுத்தினார்களா என்றால், இல்லை. ஸ்காட்லாந்தில் ஹேருக்குத் தடைக்காலம் உண்டு, இங்கிலாந்தில் அதுவும் கிடையாது.

ஒன்று சொல்கிறேன், கோபிக்காதீர்கள். ஒரு வளையிலிருந்து இன்னொரு வளைக்கு பூட்ஸையும் வலையையும் நாயையும் கொண்டுபோவது யார்? வேட்டைக்காரர்கள்தான் இதைப் பரப்புகிறார்கள் என்பது என் கட்சி.

லா மாஞ்சா மாணவி

டாக்டர் சார், ஈயும் பருந்தும் நரியும் பூட்ஸ் போடுவதில்லையே. செத்த உடலில் ஆர்.எச்.டி. வைரஸ் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், ஈ உட்கார்ந்து எழுந்து போனால் போதும். பூட்ஸும் ஒரு வழிதான், ஆனால் அது மட்டும்தான் என்று சொன்னால் சரியில்லை.

நான் நாமக்கல்லில் கால்நடை மருத்துவம் படித்துவிட்டு ஸ்பெயினில் சியுதாத் ரியாலுக்கு ஆராய்ச்சிக்கு வந்தவள். 2018 கோடையில் இங்கே நடந்தது வேறு கதை. மிக்ஸோ குழிமுயலின் நோய், ஹேருக்கு எப்போதாவது ஒன்றுக்கு வந்தால் உண்டு என்றுதான் புத்தகத்தில் படித்திருந்தோம். அந்த ஜூலையில் அந்தலூசியாவில் ஐபீரிய ஹேர்கள் கண் வீங்கிச் சாகத் தொடங்கின, சில வாரங்களில் எங்கள் பக்கமும் வந்துவிட்டது. மிக்ஸோ வைரஸ் இன்னொரு அம்மை வகை வைரஸிடமிருந்து மரபணுத் துண்டு ஒன்றை வாங்கிச் சேர்த்துக்கொண்டு புது அவதாரம் எடுத்திருந்தது.

இங்கே கால்கோ நாய்களை வைத்து ஹேர் துரத்தும் போட்டி பெரிய விஷயம். திறந்த வெளியில் இரண்டு நாய், ஒரு ஹேர், குதிரை மேல் நடுவர், தேசிய சாம்பியன்ஷிப் வரை போகும். நாங்கள் மாதிரி எடுக்கப் போன ஊரில் வயதான கால்கோக்காரர் ஒருவர் தன் நாய்களைத் திராட்சைத் தோட்டத்து ஓரமாக நடத்திக்கொண்டு வந்தார். கொடிவரிசைக்குள் ஒரு ஹேர் உட்கார்ந்திருந்தது. நாய் கயிற்றை இழுத்துக்கொண்டு பாய்ந்தது, கிட்டே போனதும் சட்டென்று நின்றுவிட்டது. ஹேர் அசையவே இல்லை. கண்ணிமை இரண்டும் வீங்கி மூடி, சீழ் கட்டி, காதடியும் தடித்திருந்தது. நாய் அதன் முகத்தை மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிக் கிழவரைப் பார்த்தது. எதிரே ஒன்று ஓடினால்தான் அதற்கு வேலை. கிழவர் அந்த ஹேரின் கழுத்தில் கையால் ஒரே அடி அடித்து முடித்து, "இந்தா, இதை எடுத்துக்கொண்டு போய் என்னவென்று சொல்" என்று என் கையில் கொடுத்தார். உடம்பு இன்னும் சூடாக இருந்தது. அந்தப் பருவத்தில் எங்கள் சுற்றுவட்டாரத்தில் பல வேட்டைப்புலங்களில் ஹேரைத் தொடவே இல்லை.

இதில் வேடிக்கை, இதே மாகாணத்தில் நெடுஞ்சாலை ஓரமும் ரயில் பாதை ஓரமும் குழிமுயல் பெருகி, திராட்சைக் கொடியைக் கடித்துத் தின்கிறது என்று விவசாயிகள் கத்துகிறார்கள். தெற்கே மலைப்பக்கம் போனால் லின்க்ஸ் பூனைக்குத் தின்ன முயல் போதவில்லை.

விருதுநகர் வேங்கை

கால்கோ எல்லாம் நம்ம சிப்பிப்பாறைக்கும் கன்னிக்கும் முன்னால் நிற்குமா? எங்கள் தாத்தா காலத்தில் கரிசல் காட்டில் முயல் எழுப்பினால் நாய் ஒரு மூச்சில் போய் மடக்கும். அங்கே வைரஸ் வந்து ஆட்டத்தைக் கெடுத்தது, இங்கே சட்டம் வந்து கெடுத்தது. சரி, அந்த நோய் இங்கேயும் வருமா?

லா மாஞ்சா மாணவி

தம்பி, 1972ஆம் வருட வனவிலங்குச் சட்டத்தின்படி நம் காட்டு முயலைப் பிடிப்பது குற்றம், அதை இங்கே பெருமையாக எழுதாதீர்கள். நம்மூர் முயலும் ஹேர் இனம்தான். அதற்கு இந்தப் புது மிக்ஸோ வந்தால் என்ன ஆகும் என்று நான் ஜோசியம் சொல்லப் போவதில்லை.

ஒட்டாகோ தமிழன்

டாக்டர் வேட்டைக்காரர்களைப் பிடித்துக்கொண்டார். நியூசிலாந்தில் வந்து கேளுங்கள். 1997 ஜூலையில் ஆர்.எச்.டி. வைரஸைக் கொண்டுவர அரசாங்கம் அனுமதி மறுத்தது. ஆகஸ்டில் குரோம்வெல் பக்கம் ஒரு பண்ணையில் முயல் சாகிறது. திருட்டுத்தனமாகக் கொண்டுவந்தவர்கள் விவசாயிகள். நோயில் செத்த முயலின் ஈரலையும் உறுப்புகளையும் சமையலறை மிக்ஸியில் அரைத்து, தண்ணீர் கலந்து, கேரட்டிலும் ஓட்ஸிலும் பிசிறி மலையெங்கும் தூவினார்கள். பரவியது பரவியதுதான் என்று ஆனபின் அரசாங்கமே தடையை எடுத்துவிட்டது.

நான் இங்கே திராட்சைத் தோட்டத்தில் வேலை செய்கிறேன். முதலில் தங்கிய வீட்டுக்காரர் அந்தக் காலத்து ஆள். ஒருநாள் சட்னி அரைக்க மிக்ஸி இருக்கிறதா என்று கேட்டேன். கொட்டகைக்குள் போய்க் கண்ணாடி ஜாடி வைத்த பழையது ஒன்றைத் தூசி தட்டிக்கொண்டு வந்து மேசையில் வைத்துவிட்டு, "இதில் வேண்டாம்" என்று சிரித்தார். ஜாடியின் அடியில் பிளேடைச் சுற்றி ஒரு பழுப்புக் கறை. அது துருவா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அன்றைக்குச் சட்னி கிடையாது, ஊறுகாய்தான்.

இதில் யாருக்குப் பிழைப்பு போனது தெரியுமா? ராத்திரி லைட் அடித்து முயல் சுடுகிற கூலிக்காரர்களுக்கு. முதல் ஒன்றிரண்டு வருடம் சுட ஒன்றும் இல்லை. அப்புறம் கண்டபடி அரைத்துத் தூவியதில் சாகாமல் தப்பிய முயல்களுக்கெல்லாம் எதிர்ப்புச் சக்தி வந்துவிட்டது. சின்னக் குட்டிக்கு இந்த நோய் பிடித்தால் பெரும்பாலும் சாகாது, பிழைத்து எதிர்ப்போடு வளரும். முயல் திரும்பி வந்தது, சுடுகிறவர்களும் திரும்பி வந்தார்கள்.

பிரான்ஸ் கதையையும் சொல்லிவிடுகிறேன். 1952இல் அர்மாந்-தெலில் என்று ஒருவர், தன் எஸ்டேட்டில் முயல் தொல்லை என்று சுவிட்சர்லாந்திலிருந்து மிக்ஸோ வைரஸை வரவழைத்து இரண்டே முயலுக்கு ஊசி போட்டார். சுற்றுச்சுவர் இருக்கிறது, வெளியே போகாது என்று நினைத்தாராம். அடுத்த வருடமே இங்கிலாந்தில் கென்டில் முயல் சாகிறது, 1955க்குள் அந்த நாட்டு முயல்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் காலி. பிரெஞ்சு வேட்டைக்காரர்கள்தான் அவர் மேல் வழக்குப் போட்டார்கள். கிடைத்தது சின்ன அபராதம், பின்னால் வனத்துறைப் பக்கத்திலிருந்து பதக்கம் வேறு. கவனியுங்கள் சஃபோக் ஜி.பி., அவரும் ஒரு டாக்டர்.

சஃபோக் ஜி.பி.

அந்த டாக்டருக்கு நான் வக்காலத்து வாங்க வரவில்லை. பூட்ஸைக் கழுவுங்கள் என்பதில் மட்டும் மாற்றம் இல்லை.

கொடைக்கானல் முயல்பண்ணை

எல்லாரும் கதை சொல்கிறீர்கள், செய்ய வேண்டியதை யாரும் சொல்லவில்லை. மன்னவனூர் ஆராய்ச்சி நிலையத்தில் ஒயிட் ஜெயன்ட் ரக முயல் வாங்கி ஆரம்பித்தவன் நான். ஒருமுறை ஒரே ராத்திரியில் கூண்டுக்குக் கூண்டு முயல் செத்துக் கிடந்தது. காரணம் வேறு, கழிச்சல். அது போகட்டும். நீங்கள் செய்ய வேண்டியது: காட்டுப் புல்லை அறுத்து வந்து அப்படியே போடாதீர்கள். கூண்டுக்குக் கொசுவலை கட்டாயம், ஏனென்றால் மிக்ஸோவைக் கொசுவும் தெள்ளுப்பூச்சியும்தான் கொண்டுவருகின்றன. வாசலில் கிருமிநாசினித் தொட்டி வையுங்கள், வெறும் சோப்புத் தண்ணீர் போதாது, ஆர்.எச்.டி. வைரஸ் ரொம்பக் கெட்டி, ப்ளீச் போல ஏதாவது வேண்டும். புது முயல் வாங்கினால் தனியாக வைத்துப் பார்த்துவிட்டுச் சேருங்கள். செத்ததை நாய்க்குப் போடாதீர்கள், ஆழமாகப் புதையுங்கள் அல்லது எரியுங்கள். தண்ணீர்க் குவளை, தீவனத் தட்டு எல்லாம் கூண்டுக்கு ஒன்று தனித்தனியாக. வேலையாளைப் பக்கத்துப் பண்ணைக்குப் போய் உட்கார விடாதீர்கள், இது ரொம்ப முக்கியம், என் பண்ணையில் இதனாலேயே எத்தனை சண்டை. ஐரோப்பாவில் இரண்டு நோய்க்கும் சேர்த்தே தடுப்பூசி இருக்கிறது, அங்கே இருப்பவர்கள் வருடம் தவறாமல் போட்டுவிடுங்கள். எடையை வாரம் ஒருமுறை எழுதி வைத்தால்...

கிங்ஸ்லின் கடைக்காரன்

அண்ணா, நன்றி. நான் முயல் வளர்க்கவில்லை. கடை வைத்திருக்கிறேன்.

கிளேவ சந்திரா

ஜெர்மனியில் நெதர்லாந்து எல்லையோரம் இருக்கிறோம். ஸ்பெயின் தங்கச்சி சொன்ன அந்த ஹேர் மிக்ஸோ 2024 கோடை முடிவில் இங்கே வந்தது. வேலைக்கு சைக்கிளில் போவேன். பீட்ரூட் வயல் நடுவே போகிற சைக்கிள் பாதையில், நட்டநடுவில் ஒரு ஹேர் இருந்தது. மணி அடித்தேன், விலகவில்லை. இறங்கிக் கிட்டே போனேன், காதை மட்டும் என் பக்கம் திருப்பியது. கண் இருந்த இடத்தில் இரண்டு உருண்டை. எனக்குப் பின்னால் வந்த பள்ளிக்கூடப் பிள்ளைகளை அந்தப் பக்கம் பார்க்காமல் போகச் சொல்லிக் கத்தினேன், எல்லாம் பார்த்துவிட்டுத்தான் போனதுகள்.

அந்த நிலத்து வேட்டைப் பொறுப்பாளரைக் கூப்பிட்டேன். வந்தவர் தன் ஜீப்பின் பின்கதவைத் திறந்து காட்டினார், பிளாஸ்டிக் பை அடுக்கி வைத்திருந்தார், எல்லாவற்றிலும் ஹேர். இங்கே இலையுதிர் காலத்தில் ஊரே சேர்ந்து வரிசை கட்டி ஹேரை விரட்டிச் சுடுகிற வேட்டை ஒன்று இருக்கிறது, முடிந்ததும் சூப், பியர், கொம்பு ஊதுவது எல்லாம். அந்த வருடம் எங்கள் ஊரில் வேட்டை இல்லை, சூப் மட்டும் இருந்தது. பட்டாணி சூப்.

பண்ணைக்கார அண்ணன் நீளமாக எழுதியதில் கையுறையை மறந்துவிட்டார். மிக்ஸோவும் ஆர்.எச்.டி.யும் மனிதருக்கு வராது, ஆனால் செத்த ஹேர் எல்லாம் அதனால் செத்தது என்று யார் சொன்னது? இங்கே துலரேமியா என்ற பாக்டீரியா நோயும் ஹேரிடம் இருக்கிறது, அது தோலுரிக்கிற ஆளுக்கு ஒட்டும். வெறுங்கையால் தொடாதீர்கள்.

அரிசோனா ஐ.டி.

சின்னதாக ஒன்று. என் டீம் லீட் ஹாரிஸ் ஹாக் பருந்து வளர்ப்பவர், அதை வைத்து ஜாக்ராபிட் என்கிற இந்த ஊர் ஹேரை வேட்டையாடுவார். 2020இல் ஆர்.எச்.டி.யின் அந்த இரண்டாம் ரகம் நியூ மெக்சிகோவிலிருந்து எங்கள் பக்கம் வந்தது. ஊரடங்கு வேறு. வீடியோ மீட்டிங்கில் அவருக்குப் பின்னால் பருந்து நிலைக்கம்பில் உட்கார்ந்து இறகு கோதிக்கொண்டிருக்கும், அவர் பிளீச் வாளியில் கையுறையையும் கயிற்றையும் முக்கிக்கொண்டே கோட் ரிவியூ செய்வார். பருந்துக்குக் கடையில் வாங்கிய காடை. அதைத் தின்னும்போது அது அவரை முறைத்த முறைப்பு இருக்கிறதே!

விருதுநகர் வேங்கை

கடைக்கார அண்ணா, அந்தத் தாத்தா இப்போது ஃபெரட்டை என்ன செய்கிறார்? அந்தச் சுருக்கு வலை விலைக்குக் கிடைக்குமா?

கிங்ஸ்லின் கடைக்காரன்

ஃபெரட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை, அந்த நோய் அதற்கு வராது. இப்போது கோழிப்பண்ணைகளில் எலி பிடிக்க விடுகிறார், காசும் கொடுக்கிறார்களாம். நாய்க்குத்தான் வேலை இல்லை, என் கடை வாசலில் படுத்துக்கொண்டு சொசேஜ் ரோலுக்குக் காத்திருக்கிறது. வலை எதற்குத் தம்பி உங்களுக்கு? அக்கா மேலே சட்டம் சொன்னதைப் படிக்கவில்லையா?